செக்ரோலிலிருந்து கணிப்பொறிவரை



கெடா என்று சொன்னவுடன் நம்மில் பலருக்கு இரண்டு காட்சிகள் நினைவுக்கு வரும். ஒன்று, சோழர் கல்வெட்டுகள் பேசும் பழைய கடாரம். மற்றொன்று, விடியற்காலை இருளில் நெற்றி விளக்கோடு பால் மரத்தடியில் நிற்கும் நம் பாட்டன் பாட்டிமாரின் உருவம். இன்றைய உரையில் இவ்விரண்டோடு மூன்றாவது காட்சி ஒன்றையும் சேர்த்துப் பார்க்க விரும்புகிறோம். அது கணிப்பொறி வல்லுநர்கள் கூடிய ஒரு மாநாட்டு மண்டபம்.

பாடாங் செராய்த் தோட்டத்து லயத்துக்கும் கணிப்பொறி மாநாட்டுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். உறவு உண்டு. ஒரு மனிதனின் பெயரை யார் எழுதுகிறார், எந்த எழுத்தில் எழுதுகிறார், எழுதியது எவ்வளவு காலம் நிற்கிறது என்ற கேள்வியே அந்த உறவு. அந்த ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆயிரம் ஆண்டுகளை விரைவாகக் கடந்து வருவோம்.

முதலில் ஒரு செப்பேடு. முதலாம் இராசராச சோழன் காலத்தில், ஏறக்குறைய 1006-ஆம் ஆண்டில், நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரம் ஒன்றுக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாய் அளிக்கப்பட்டது. அந்த விகாரத்தைக் கட்டியவர்கள் கடாரத்து மன்னர் குடியினர். இதைச் சொல்லும் செப்பேடுகள் பிற்காலத்தில் ஆலந்து நாட்டு லெய்டன் நகருக்குச் சென்றதால் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன. வடமொழியும் தமிழும் அவற்றில் உண்டு. பின்னர் 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தின் மீது சென்றது. போர் முடிந்தது, அரசுகள் மறைந்தன. ஆனால் செம்பில் வெட்டிய எழுத்து அழியவில்லை. கடாரத்து மன்னன் செய்த கொடையை இன்றும் நாம் அறிவது அந்த எழுத்தினால்தான்.

அடுத்து நாம் வந்து சேரும் இடம் ரப்பர் தோட்டம். 1877-இல் ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வழியாக மலாயாவுக்கு வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்கு உலகச் சந்தையில் விலை ஏறியது. 1909-இல் செய்யப்பட்ட உடன்படிக்கையால் கெடா, சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷாரின் பாதுகாப்புக்கு மாறியது. தென் கெடாவில், கூலிம், பாடாங் செராய், சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் காடுகள் வெட்டப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் வேலை செய்யத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கங்காணிமார்கள் ஆள் கட்டி வந்தார்கள். 1938-இல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தும்வரை கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன.

தோட்டத்தில் நாள் எப்படித் தொடங்கியது என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். பொழுது விடியுமுன் தொங்கவிட்ட இரும்புத் துண்டைத் தட்டுவார்கள். ஆண்களும் பெண்களும் பெரட்டுக்களத்தில் வரிசையில் நிற்பார்கள். கிராணி பெயர் படிப்பார். 'வந்தேன்' என்று குரல் கொடுத்தால் செக்ரோலில் ஒரு குறி விழும். குறி விழுந்தால் சம்பளம் உண்டு, விழாவிட்டால் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தொழிலாளியின் வாழ்க்கை முழுவதும் அந்த நீண்ட ஏட்டின் ஒரு வரியில் அடங்கியிருந்தது.

அந்த வரியில் பெயர் எவ்வாறு எழுதப்பட்டது? பெரும்பாலும் ஆங்கில எழுத்தில், கிராணியின் காதில் விழுந்தபடி. செல்லம்மா என்ற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஓர் ஏட்டில் அவர் பெயர் 'எஸ்' என்ற எழுத்தில் தொடங்கும். வேறொரு தோட்டத்து ஏட்டில் 'சி' என்ற எழுத்தில் தொடங்கும். மூன்றாவது இடத்தில் அவர் செல்லம்மாள் ஆகிவிடுவார். பெயர் படிக்கும்போது இதனால் கேடு ஒன்றுமில்லை. காதுக்கு எல்லாம் ஒன்றுதான். கேடு பின்னால் வந்தது. 1948-இல் அவசரகாலம் தொடங்கியதும் அடையாள அட்டை வந்தது. 1951-இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்தது. 1957-இல் நாடு விடுதலை பெற்றபின் குடியுரிமைக்கு மனுச் செய்யும் காலம் வந்தது. அப்போது ஒரு தாளில் உள்ள பெயரும் இன்னொரு தாளில் உள்ள பெயரும் ஒத்துப்போகவேண்டும் என்றார்கள். ஒத்துப்போகாத பெயருக்கு உரியவர் தாம் தாம்தான் என்பதை மெய்ப்பிக்க அலைய வேண்டியிருந்தது. ஓர் எழுத்துப் பிழை ஒரு குடும்பத்தின் வழக்காயிற்று.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் மற்றொரு துன்பம் வந்தது. வெளிநாட்டு உடைமையாளர் பலர் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். துண்டாடப்பட்ட தோட்டத்தில் லயமும் இல்லை, பள்ளியும் இல்லை, வேலையும் இல்லை. இதற்கு விடையாகத் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களையே வாங்கும் முயற்சி அது. அச்சங்கம் தொடக்கக் காலத்தில் வாங்கியவற்றுள் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டமும் ஒன்று. ஆயினும் எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை. குடும்பங்கள் சுங்கைப் பட்டாணி, கூலிம், லூனாஸ் போன்ற பட்டணங்களின் ஓரங்களுக்கு நகர்ந்தன.

இந்தக் கட்டத்தில், நேயர்களே, 1966-ஆம் ஆண்டைச் சற்று நின்று பார்க்கவேண்டும். அவ்வாண்டு ஏப்ரல் மாதம் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நடந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தனிநாயகம் அடிகளார் அதற்கு உயிராக இருந்தார். அதே 1966-இல் இந்நாட்டின் தேசிய மின்சார வாரியம் கணிப்பொறி ஒன்றை நிறுவியது. மலேசியாவின் முதல் கணிப்பொறி என்று பொதுவாகக் குறிக்கப்படுவது அதுவே. ஒரே ஆண்டில் இரு நிகழ்ச்சிகள். ஓரிடத்தில் தமிழறிஞர்கள் சங்க இலக்கியத்தையும் ஒப்பிலக்கணத்தையும் ஆராய்ந்தார்கள். மற்றோரிடத்தில் துளையிட்ட அட்டைகளைத் தின்று மின்கட்டணக் கணக்குகளைக் கக்கும் பொறி ஓடத் தொடங்கியது. இவ்விரண்டும் ஒருநாள் ஒரே மண்டபத்தில் சந்திக்கும் என்று அன்று எத்தனை பேர் எண்ணியிருப்பார்கள்?

கெடாத் தமிழர்கள் கணிப்பொறியை முதலில் சந்தித்தது மாநாட்டில் அன்று, தொழிற்சாலையில். 1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் சுதந்திர வாணிக வலயம் தொடங்கியது. இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அங்கேதான் அமைத்தது. மற்ற மின்னணு நிறுவனங்களும் தொடர்ந்து வந்தன. இவற்றுக்குக் கூர்ந்த பார்வையும் நடுங்காத கையும் உடைய இளம்பெண்கள் தேவைப்பட்டார்கள். கெடாவிலிருந்தும் மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் வேலைக்குச் சென்றார்கள். 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கப்படும்வரை பட்டர்வொர்த்தில் படகு ஏறித்தான் தீவுக்குப் போகவேண்டும்.

அங்கே அவர்கள் செய்த வேலை என்ன? சிலிக்கன் வில்லைகளில் செதுக்கிய நுண்ணிய மின்சுற்றுகளைத் தனித்தனித் துண்டுகளாக அறுத்தெடுப்பார்கள். ஒவ்வொரு துண்டையும் ஒரு சட்டத்தில் பொருத்துவார்கள். பிறகு நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, மயிரிழையினும் மெல்லிய பொன் கம்பியால் துண்டின் முனைகளைச் சட்டத்தின் கால்களோடு இணைப்பார்கள். மேலே உறையிட்டுச் சோதித்து அனுப்புவார்கள். தாய் மரத்தின் பட்டையை ஆழம் மீறாமல் சீவினாள். மகள் பொன் இழையை இடம் தவறாமல் ஒட்டினாள். இரண்டும் கைத்திறன்தான். இரண்டிலும் செய்த பொருள் கடல் கடந்து போயிற்று.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சில்லு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கணிப்பொறிக்குள் அமர்ந்து கோடிக்கணக்கான பெயர்களைப் பதிவு செய்தது. அதைச் செய்த பெண்ணின் பெயரை அவளுடைய சொந்த எழுத்தில் எழுத அதற்குத் தெரியாது.

ஏன் தெரியாது? இதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். கணிப்பொறிக்கு எழுத்து என்பது இல்லை. எண் மட்டுமே உண்டு. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால் அது அந்த எண்ணைச் சேமிக்கும். கேட்டால் திரும்பத் தரும். அக்காலத்துக் கணிப்பொறிகளில் ஓர் எழுத்துக்கு ஒதுக்கிய இடத்தில் 256 எண்கள்தாம் அடங்கும். அவற்றுள் முதல் 128 எண்களை ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் குறிகளும் எடுத்துக்கொண்டன. எஞ்சியவை 128. தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துகள். கிரந்த எழுத்துகள் வேறு. எல்லாவற்றையும் அந்த 128 அறைகளில் எப்படிக் குடியேற்றுவது?

ஒருவர் ஒரு வழியில் குடியேற்றினார். மற்றவர் வேறு வழியில் குடியேற்றினார். ஒருவர் 'க' வைத்த அறையில் மற்றவர் 'ம' வைத்தார். ஆகவே ஒருவர் எழுதிய கடிதம் மற்றவர் கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாகக் கொட்டியது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. நம் மாநிலத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள்: கெடா. வாயால் சொல்லும்போது முதலில் ககரமும் அதன்பின் எகரமும் ஒலிக்கின்றன. கையால் எழுதும்போதோ முதலில் கொம்பு, பிறகு 'க'. தட்டச்சுப் பொறியிலும் அப்படித்தான்; கொம்பைத் தட்டிவிட்டுத்தான் ககரத்தைத் தட்டுவோம். கணிப்பொறி எதைப் பின்பற்றவேண்டும், கண்ணையா, காதையா? கண்ணைப் பின்பற்றினால் திரையில் எழுத்தைக் காட்டுவது எளிது. ஆனால் பெயர்ப்பட்டியலை அகரவரிசையில் அடுக்கச் சொன்னால் செல்லம்மா, பெரியசாமி, வெள்ளையம்மா எல்லாரும் 'கொம்பு' என்ற ஒரே தலைப்பின்கீழ் வந்து நிற்பார்கள். சின்னம்மா வேறு எங்கோ இருப்பார். செக்ரோல் நடத்திய எந்தக் கிராணியும் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்.

இந்தச் சிக்கல்களை அவிழ்க்க முன்வந்தவர்களில் ஒருவர் மலேசியர் என்பது நமக்குப் பெருமை. கவிஞர் முரசு நெடுமாறன் அவர்களின் மகனாகிய பொறியியலாளர் முத்து நெடுமாறன், 1985-இல் கணிப்பொறியில் தமிழ் எழுதும் முயற்சியைத் தொடங்கினார். அது முரசு அஞ்சல் என்னும் செயலியாக வளர்ந்தது. சிங்கப்பூரில் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி கணியன் என்னும் தமிழ்ச் செயலியை உருவாக்கினார். 1995-இல் அங்கிருந்து தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏறின. சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம், மற்ற தன்னார்வலர்களோடு சேர்ந்து 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து யாவர்க்கும் இலவசமாக வழங்கினார்.

தனித்தனியே உழைத்தவர்கள் ஓரிடத்தில் கூடியபோதுதான் மாநாடு பிறந்தது. முதல் கூட்டம் 1997-இல் சிங்கப்பூரில். அடுத்தது 1999-இல் சென்னையில்; 'தமிழ் 99' என்னும் விசைப்பலகை அதன் பயன். 2000-இல் மீண்டும் சிங்கப்பூரில் கூடி, உத்தமம் என்னும் உலக அமைப்பை நிறுவினார்கள். 2001 ஆகஸ்டு மாதம் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூருக்கு வந்தது.

அந்த மாநாட்டு மண்டபத்துக்குள் மனக்கண்ணால் சற்று நுழைவோம். அங்கே வந்தவர்கள் யார்? பெரும்பாலோர் பகலில் வங்கிகளிலும் தொலைபேசி நிறுவனங்களிலும் பெரிய வணிக நிலையங்களிலும் கணிப்பொறிப் பிரிவுகளை நடத்துவோர். சம்பளக் கணக்கு, சரக்குக் கணக்கு, வாடிக்கையாளர் பட்டியல் என்று பிறர் பதிவுகளைப் பாதுகாப்பது அவர்கள் தொழில். தமிழுக்கான வேலை இரவிலும் விடுமுறையிலும் செய்தது. அவர்களோடு அச்சுத் தொழிலாளரும் தமிழாசிரியரும் மொழியறிஞரும் அமர்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கவலை. கணிப்பொறி வல்லுநருக்கு, பட்டியல் ஒழுங்காக அடுக்கப்படுமா, தேடினால் பெயர் கிடைக்குமா என்ற கவலை. அச்சிடுபவருக்கு, எழுத்தின் வடிவம் கெடாமல் தாளில் விழுமா என்ற கவலை. ஆசிரியருக்கு, தமிழ்ப்பள்ளிப் பிள்ளை எந்த விசையை முதலில் தட்டும், எளிதில் பழகுமா என்ற கவலை. மூன்றும் நியாயமான கவலைகள். ஒன்றைத் தீர்த்தால் மற்றொன்று முரண்டு பிடித்தது. ஆகவே வாதம் நீண்டதில் வியப்பில்லை.

முடிவில் வெற்றி பெற்றது எது? யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியேற்றம். 1991-இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் தனியாக ஒதுக்கப்பட்டிருந்தன. உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பட்டியல். ஓர் எண்ணுக்கு ஒரே எழுத்து. இதில் 'கெடா' என்பது காதின் வரிசைப்படி க, எகரக் குறி, ட, ஆகாரக் குறி என்று நான்கு எண்களாகச் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னே இழுத்துக் காட்டும் பொறுப்பு திரைக்குரியது. விண்டோஸ் 2000 முதலிய அமைப்புகள் இதற்கு இடம் தந்தன. உயிர்மெய் எழுத்துக்கெல்லாம் தனி எண் தரவில்லை என்ற குறையைச் சொன்னவர்களும் உண்டு. அந்தக் குறைக்கு விடையாகத் தமிழக அரசு 2010-இல் யூனிகோடோடு 'டேஸ் 16' என்னும் குறியேற்றத்தையும் ஏற்றது. ஆனாலும் அன்றாடப் புழக்கத்தில் நின்றது யூனிகோடே. 2005-இல் செல்லினம் என்னும் செயலி வழியே கைத்தொலைபேசியிலும் தமிழ்ச் செய்தி அனுப்ப முடிந்தது. 2013-இல் தமிழ் இணைய மாநாடு மறுபடியும் கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூடியது. தனிநாயகம் அடிகளார் பணியாற்றிய அதே பல்கலைக்கழகம் அது.

இக்காலத்தில் கெடா சும்மா இருக்கவில்லை. அலோர் ஸ்டாரில் பிறந்த துன் மகாதீர் முகமது பிரதமராக இருந்தபோது, 1996-இல் பல்லூடகப் பெருவழித் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டில் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது; இத்தகைய பூங்காக்களில் நாட்டிலேயே முதலாவது அதுதான். ரப்பர் தோட்டங்களுக்குப் பெயர்போன மாவட்டத்தில், தலைமுதல் கால்வரை மூடிய வெள்ளை உடையோடு தூசியற்ற அறைகளில் மின்னணு வில்லைகளைச் செய்கிறார்கள். 1984-இல் வட மலேசியப் பல்கலைக்கழகம் எழுந்தது. பூஜாங் பள்ளத்தாக்குக்கு அருகே செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2001-இல் தொடங்கிய அதற்குப் பின்னால் இந்தியச் சமூகத்தின் கல்வி நிதி முயற்சி உண்டு. கடாரத்துக் கோயில்களின் அடித்தளங்கள் கிடைத்த மண்ணுக்கருகே நம் பிள்ளைகள் கணிப்பொறி படிக்கிறார்கள்.

இதனால் எல்லாம் நலமாய் முடிந்தது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியபோது ஏட்டில் பெயர் இருந்த மக்கள் சிதறிப்போனார்கள். லயம் இடிந்தது; சில தமிழ்ப்பள்ளிகள் இடம் மாறின; சில மூடப்பட்டன. செக்ரோல்கள் எங்கே? பள்ளிச் சேர்க்கை ஏடுகள் எங்கே? கோயில் திருவிழாக் கணக்குகள் எங்கே? கறையானுக்கும் ஈரத்துக்கும் தப்பியவை சில, போனவை பல. முன்பு எழுதக் கருவி இல்லை என்று சொன்னோம். இன்று கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. அதில் நாம் எழுதுவது என்ன?

வல்லுநர்கள் மாநாடு கூட்டி வாதம் செய்து நமக்கு ஒரு பொருளைக் கொடுத்தார்கள். அது செல்லம்மாவின் பெயரைப் பிழையின்றி, அவர் மொழியிலேயே எழுதும் உரிமை. அந்த உரிமையைப் பயன்படுத்துவது பொறியின் வேலை அன்று, நம் வேலை.

எனவே நேயர்களிடம், குறிப்பாக மாணவர்களிடம், ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறையில் உங்கள் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் உட்காருங்கள். அவர் பிறந்த தோட்டத்தின் பெயரைத் தோட்டத்து மக்கள் எப்படிச் சொன்னார்களோ அப்படியே கேளுங்கள். அத்தோட்டங்கள் பலவற்றுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும் தமிழ்ப் பெயர் ஒன்றும் உண்டு, இரண்டையும் குறியுங்கள். பெரட்டில் யார் யார் நின்றார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், பள்ளியில் எழுத்து அறிவித்தவர் யார், கோயிலில் முதல் பூசை செய்தவர் யார் என்று கேட்டுத் தமிழிலே தட்டச்சுச் செய்யுங்கள். பழைய அடையாள அட்டையும் சம்பளச் சீட்டும் இருந்தால் படமெடுத்து வையுங்கள். ஒரு படிக்கு மூன்று படிகள் எடுத்து மூன்று இடங்களில் வையுங்கள்.

கடாரத்து மன்னனின் பெயரைக் காக்க இருபத்தொரு செப்பேடுகள் இருந்தன. கெடாத் தோட்டத்துப் பாட்டியின் பெயரைக் காக்க உங்கள் விரல்கள் போதும். ஆனால் அவர் இருக்கும்போதே கேட்டுவிடவேண்டும்.